முகத்து உரோமமும் தோல் எரிச்சலும்: வீட்டு வைத்தியம் எதுவரை?

நூல் விலை, கடன் தவணை, விளைபொருள் ஏலம், பேரவைத் தீர்மானம் ஆகியவற்றையே இப்பத்திரிகையில் படித்துப் பழகிய அங்கத்தினர்கள் இத்தலைப்பைக் கண்டு வியப்படையலாம். இதை எழுதத் தூண்டியது ஒரு நெசவாளர் சங்கத்தில் நடந்த சம்பவம். ஆய்வு முடிந்து, பதிவேடுகளைக் கட்டி வைத்துவிட்டுப் புறப்படும் வேளையில், தார் சுற்றும் பெண்கள் மூவர் என்னைத் தனியே அழைத்தனர். கூலி பற்றியோ கடன் பற்றியோ கேட்கப்போகிறார்கள் என்று எண்ணினேன். அவர்களுள் ஒருவர் முகத்தில் சுற்றியிருந்த முந்தானையைச் சற்றே விலக்கிக் காட்டினார். மேலுதட்டின் மேலும் மோவாயிலும் தோல் சிவந்து, சிறு சிறு கொப்புளங்களாக இருந்தது. "அம்மா, படித்தவர்கள் நீங்கள். இதற்கு எதைப் பூசலாம்?" என்று கேட்டார். அந்தக் கோலத்தோடு நாலு பேர் முன் நிற்க மனமில்லாமல், சென்ற பேரவைக் கூட்டத்திற்கே அவர் வரவில்லை என்பதும் அப்போது தெரிந்தது.

நான் மருத்துவர் அல்லள். எனினும் அவருக்கு விடை சொல்ல எனக்கு ஒரு தகுதி இருந்தது. அதே துன்பத்தை நானும் அனுபவித்தவள்.

பணியில் சேர்ந்த புதிதில் என் மோவாயில் சில கருமுடிகள் தோன்றின. வீட்டில் ஒரு திருமணத்தை முன்னிட்டு அவற்றை நூல் கொண்டு எடுத்துக்கொண்டேன். மறுநாள் தடிப்பும் எரிச்சலும் கண்டன. ஒருவர் பச்சைப் பப்பாளியும் மஞ்சளும் அரைத்துப் பூசச் சொன்னார், பூசினேன். மற்றொருவர் எலுமிச்சஞ்சாறு தடவச் சொன்னார்; தடவிக்கொண்டு வெயிலில் ஆய்வுக்குச் சென்றேன். தோல் வெந்து கறுத்தது. பின்னர் ஒரு கடையில், பெயர் விவரம் முழுமையாக அச்சிடப்படாத கிரீம் குழாய் ஒன்றை ரசீது இல்லாமல் வாங்கினேன். ஒரே வாரத்தில் முகம் தெளிந்து வெளுத்தது. மகிழ்ந்து, நான்கு மாதம் விடாமல் பூசினேன். அதன் பிறகு கன்னத்தில் சிவந்த மெல்லிய நரம்புகள் தெரிந்தன. எந்த முடிக்காக இத்தனை பாடு பட்டேனோ, அந்த முடி முன்னிலும் மிகுதியாக வளர்ந்திருந்தது. தோல் மருத்துவர் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்றார். ஒவ்வொரு ரூபாய்க்கும் வவுச்சர் எங்கே என்று சங்கம் சங்கமாகக் கேட்பவள் நான். வவுச்சர் இல்லாத பொருளை என் முகத்திலேயே ஏற்றுக்கொண்டிருந்தேன்.

அன்று கற்றதையும், அதன் பின் மருத்துவர்களைக் கேட்டும் நூல்களைப் படித்தும் அறிந்ததையும் இங்கே தொகுத்துக் கூறுகிறேன்.

இரண்டு கேள்விகள்

எரிச்சலைத் தணிப்பது எப்படி என்பது ஒரு கேள்வி. முடி வளர்வதைத் தடுப்பது எப்படி என்பது வேறொரு கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதே நம்முடைய பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம். முதற் கேள்விக்கு வீட்டிலும் தோட்டத்திலும் ஓரளவு விடை உண்டு. இரண்டாவது கேள்விக்கு அரைத்துப் பூசும் எப்பொருளிலும் நம்பத்தக்க விடை இல்லை.

காரணம் எளிது. முடியின் வேர் தோலின் மேற்பரப்பில் இல்லை. உள்ளே மயிர்க்கால் என்னும் சிறு குழிக்குள் இருக்கிறது. அது எப்படி வளரவேண்டும் என்பதை இரத்தத்தில் ஓடும் இயக்குநீர்கள் நிர்ணயிக்கின்றன. ஆண்ட்ரோஜன் எனப்படும் இயக்குநீர் ஆண்களுக்கு மிகுதியாகவும் பெண்களுக்குச் சிறிதளவும் இயல்பாகவே உண்டு. அது மிகும்போதோ, மயிர்க்கால்கள் அதற்கு அதிகம் இணங்கும்போதோ, கண்ணுக்குத் தெரியாத பூனைமுடி தடித்த கருமுடியாக மாறுகிறது. தாய்வழி தந்தைவழியாக வரும் உடல்வாகும் இதில் பங்கு கொள்கிறது. உள்ளிருந்து வரும் கட்டளையை மேலே பூசும் பற்று மாற்றிவிடாது.

எரிச்சல் ஏன் வருகிறது?

முடியை இழுத்து எடுக்கும்போது மயிர்க்கால் காயப்படுகிறது. அதனால் சிறிது நேரம் சிவப்பும் தடிப்பும் தோன்றும். சில மணி நேரத்தில் அடங்கும். அழுக்குக் கை, பலருக்குப் பயன்பட்ட நூல் ஆகியவற்றால் கிருமி புகுந்தால் அது சீழ்க் கொப்புளமாகும். மூன்றாவது வகை ஒன்றுண்டு. சுருண்ட முடி மீண்டும் வளரும்போது, நேராக வெளியே வராமல் வளைந்து தோலுக்குள்ளேயே புகுந்துகொள்ளும். உடல் அதனை அந்நியப் பொருளாகக் கருதி எதிர்க்கும். கட்டியும் கறுப்பும் உண்டாகும். தினம் சவரம் செய்துகொள்ளும் ஆண் அங்கத்தினர்கள் பலருக்குக் கழுத்தில் வரும் கட்டிகளும் இந்த வகையே. ஆகவே இக்கட்டுரை பெண்களுக்கு மட்டும் உரியது அன்று.

எரிச்சலைத் தணிப்பவை

முதல் மருந்து குளிர்ந்த நீரே. பலமுறை துவைத்து, கஞ்சியும் சாயமும் நீங்கிய மெல்லிய பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, எரியும் இடத்தில் பத்து நிமிடம் ஒத்தி வைக்கவேண்டும். தேய்க்கலாகாது. அன்று முழுவதும் சோப்பு, வாசனைப் பொருள், கடும் வெயில் ஆகிய மூன்றையும் விலக்கினால், பெரும்பாலோர்க்கு வேறெதுவும் தேவைப்படாது.

இரண்டாவது சோற்றுக்கற்றாழை. மடலை வெட்டியவுடன் தோலுக்கு அடியிலிருந்து மஞ்சள் நிறப் பால் வடியும். அது தோலை உறுத்துவது. ஆகவே வெட்டிய மடலைப் பதினைந்து நிமிடம் செங்குத்தாக நிறுத்தி அப்பாலை வடியவிட்டு, தோலைச் சீவி, உள்ளிருக்கும் தெளிந்த சோற்றை நன்கு கழுவிப் பயன்படுத்தவேண்டும். அன்றன்று எடுத்ததே நல்லது.

மூன்றாவது தேங்காய் எண்ணெய். தோல் வறண்டு, செதிலெழுந்து எரிந்தால் இரண்டு துளி போதும். எண்ணெய் வழியும் முகத்திற்கும், பருவும் சீழ்க் கொப்புளமும் உள்ள முகத்திற்கும் இது ஆகாது, துளைகளை அடைத்துவிடும்.

நான்காவது கஸ்தூரி மஞ்சள். இதில் வீக்கத்தைத் தணிக்கும் தன்மையுள்ள பொருள்கள் உண்டு. நீரில் மெல்லியதாகக் குழைத்து, பத்து நிமிடம் வைத்து, தேய்க்காமல் கழுவிவிடலாம். புண்ணான தோலில் பூசலாகாது.

முடி தோலுக்குள் புகுந்து கட்டியானால், குளிர்ந்த நீருக்குப் பதிலாக இளஞ்சூடான ஈரத் துணியை ஒத்தவேண்டும். ஊசியால் கிளறுவது கூடாது. ஒரு மாத காலம் அவ்விடத்தில் சவரத்தையும் பிடுங்குவதையும் நிறுத்தினால், முடி வளர்ந்து தானே வெளிவரும்.

எப்பொருளாயினும், முகத்தில் பூசுமுன் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி இரண்டு நாள் பார்க்கவேண்டும். வேம்பும் சந்தனமும்கூடச் சிலருக்கு ஒவ்வாமை தரும். இயற்கையானது என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றது ஆகிவிடாது.

விலக்கவேண்டியவை

பச்சைப் பப்பாளி முதலிடம் பெறுகிறது. அதன் பாலில் உள்ள பப்பெயின் என்னும் நொதி புரதத்தைக் கரைப்பது. பப்பெயினுக்காகக் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 2, கோ 5 போன்ற பப்பாளி இரகங்களை அளித்திருக்கிறது. காயைக் கீறிப் பால் எடுத்த விவசாயிகள், அந்தப் பால் பட்ட கை என்ன ஆகும் என்பதை நன்கு அறிவர். உழைத்துக் காய்ந்த கையையே அரிக்கும் பால், காயம்பட்ட கன்னத்தை விட்டுவைக்குமா?

எலுமிச்சஞ்சாற்றில் சூரிய ஒளியோடு சேர்ந்து தோலைச் சுடும் பொருள்கள் உள்ளன. தடவிக்கொண்டு வெயிலில் நின்றால் கொப்புளம் எழும். ஆறியபின் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும். சர்க்கரை, அரிசிக் குருணை, கடலை மாவு ஆகியவற்றை எரியும் தோலில் வைத்துத் தேய்ப்பதும் தவறு.

குப்பைமேனி இலையை மஞ்சளோடு அரைத்துப் பூசினால் முடி உதிரும் என்பது ஊரெங்கும் உள்ள நம்பிக்கை. உறுதியான சான்று இல்லை. சிலருக்கு அரிப்பையே தருகிறது. அதை அரைத்து உள்ளுக்குக் குடிப்பது அதனினும் ஆபத்து. ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு அதனால் இரத்த அணுக்கள் சிதைந்ததை இலங்கை மருத்துவர்கள் 1996இல் எழுதியிருக்கின்றனர்.

அரிதாரமும் சுண்ணாம்பும் கலந்த பழைய முடி நீக்கிப் பற்று இன்னும் சிலர் நினைவில் இருக்கிறது. அரிதாரம் என்பது ஆர்சனிக் சேர்ந்த நஞ்சு. அதை வீட்டில் வைத்திருக்கவும் வேண்டாம்.

மஞ்சள் பயிரிடுவோர் கவனத்திற்கு

"பாட்டி காலத்தில் மஞ்சள் பூசினார்கள், முடி வளரவில்லையே" என்று கேட்பர். கல்லில் உரைத்த மஞ்சளைத் தினம் அழுத்தித் தேய்த்ததில் பூனைமுடி சிறிது உராய்ந்து போயிருக்கலாம். மஞ்சள் நிறத்தில் எஞ்சியது மறைந்தும் இருக்கலாம். தாய்லாந்தில், மஞ்சளின் இனத்தைச் சேர்ந்த வேறொரு கிழங்கின் எண்ணெய் அக்குள் முடியின் வளர்ச்சியைச் சற்று மெதுவாக்கியதாக ஓர் ஆய்வு கூறுகிறது. அது வடித்தெடுத்து அளவிட்ட எண்ணெய். நாம் அரைக்கும் பற்று அன்று. மேலும், மெதுவாக்குவது வேறு, நிறுத்துவது வேறு.

இதனினும் முக்கியமானது பொருளின் தூய்மை. சமையல் மஞ்சள் வேறு, கஸ்தூரி மஞ்சள் வேறு. கஸ்தூரி மஞ்சளை வெட்டினால் உட்புறம் வெளிறிய மஞ்சளாக இருக்கும். கற்பூரம் போன்ற வாசனை வீசும். தோலில் அவ்வளவாகக் கறை படியாது. பூலாங்கிழங்கைச் சீவிக் காயவைத்து கஸ்தூரி மஞ்சள் என்று விற்பதும் உண்டு. பளிச்சென்ற நிறத்தில் கஸ்தூரி மஞ்சள் தூள் கிடைத்தால், அந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவேண்டும்.

மெட்டானில் யெல்லோ என்னும் சாயமும், லெட் குரோமேட் என்னும் ஈயச் சேர்மமும் மஞ்சளில் கலக்கப்படுவது அறிந்த செய்தி. வங்கதேசத்தில் மக்களின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருந்ததற்கு, மஞ்சளுக்கு மெருகேற்றும்போது சேர்த்த லெட் குரோமேட் முக்கிய காரணம் என்று 2019இல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஒரு கண்ணாடித் தம்ளர் நீரில் ஒரு சிட்டிகைத் தூளைத் தூவி அசையாமல் வையுங்கள். தூய தூள் அடியில் படிந்து, நீர் இளமஞ்சளாக நிற்கும். சாயம் கலந்திருந்தால் நீர் முழுதும் அடர்ந்த மஞ்சளாகும். ஐயம் எழுந்தால் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் மாதிரி கொடுக்கலாம்.

ஈரோட்டு மஞ்சள் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அப்பெயரைக் காப்பது பயிரிடுவோரின் கையில் இருக்கிறது. மெருகுக்காக நிறம் சேர்க்கச் சொல்லும் வியாபாரிக்கு மறுப்புச் சொல்ல ஒருவரால் இயலாமற் போகலாம். சங்கமாகச் சேர்ந்தால் இயலும். உங்கள் மூட்டையிலிருந்து போகும் மஞ்சள் ஏதோ ஓர் ஊரில் ஒரு பெண்ணின் முகத்திற்கும், ஒரு குழந்தையின் சோற்றுக்கும் போகிறது.

குழாயில் வரும் ஆபத்து

ஸ்டீராய்டு நல்ல மருந்தே. மருத்துவர் குறித்த இடத்தில், குறித்த நாள் வரை பூசினால் அரிய நன்மை செய்வது. அழகுக் கிரீமாக மாதக்கணக்கில் முகத்தில் பூசினால், தோல் மெலியும், பரு கிளம்பும், முடி வளரும். இதை முன்னிட்டே மத்திய அரசு 2018இல், பூசும் ஸ்டீராய்டு மருந்துகள் பதினான்கை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. வாங்குமுன் குழாயில் உள்ள பெயர்களைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் ஆகியவை ஸ்டீராய்டுகள். உள்ளடக்கம் அச்சிடப்படாத குழாயை வாங்கவே வேண்டாம். ஏற்கெனவே நெடுநாள் பூசி வருபவர்கள் திடீரென நிறுத்தினால் சிவப்பும் எரிச்சலும் பொங்கி எழும். ஆகவே மருத்துவரைக் கண்டு, அவர் சொல்லும் முறையில் நிறுத்துக.

முடியை நீக்க விரும்புவோர்க்கு

முகத்தில் முடி இருப்பது குற்றம் அன்று. நீக்குவதும் நீக்காமல் விடுவதும் அவரவர் விருப்பம். நீக்க விரும்பினால், தோலுக்குக் குறைந்த துன்பம் தரும் வழியை நாடவேண்டும்.

சவரம் செய்தால் முடி தடித்து வளரும் என்பது தவறு. 1928இலேயே மில்ட்ரெட் டிராட்டர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இதனை அளந்து பார்த்து மறுத்திருக்கிறார். இயல்பாக நைந்து மெலிந்த நூல் முனையையும், கத்தரியால் வெட்டிய முனையையும் விரலால் தடவிப் பாருங்கள். வெட்டிய முனை முரடாகத் தோன்றும். ஆனால் நூலின் நம்பர் மாறிவிடவில்லை. முடியும் அப்படியே. ஈரமாக்கிய முகத்தில், தமக்கென்றே வைத்துள்ள கூரிய பிளேடால், முடி வளரும் திசையிலேயே மழிக்கவேண்டும்.

நூல் கொண்டு எடுப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் புதிய நூலைக் கையாளவேண்டும். ஒரு முனையைப் பல்லில் கடிப்பதைத் தவிர்க்கவேண்டும். மரு முதலிய தொற்றுகள் இவ்வழியே பரவியதுண்டு. தறியில் எஞ்சிய கஞ்சி நூலும் சாய நூலும் இதற்கு ஆகா. பருவோ கொப்புளமோ இருக்கும் நாளில் நூல் தொடவே கூடாது.

கடையில் விற்கும் முடி நீக்கும் கிரீம்கள் காரத்தன்மை உடையவை. முகத்திற்கு உரியது என்று அச்சிட்டதை மட்டும், குறித்த நிமிடத்திற்கு மேல் வைக்காமல் பயன்படுத்தவேண்டும். லேசர் சிகிச்சையில் முடி நெடுங்காலம் குறையும். ஆனால் நம்மைப் போன்ற கருநிறத் தோலுக்கு ஏற்ற கருவியும் பயிற்சி பெற்ற மருத்துவரும் இல்லையெனில் சூட்டுப்புண் உண்டாகும்.

மருத்துவரிடம் எப்போது செல்லவேண்டும்?

சீழும் காய்ச்சலும் கண்டால், முகம் வீங்கினால், ஒரு வாரத்தில் எரிச்சல் தணியாவிட்டால், தாமதிக்கலாகாது.

முடி மிகுவதோடு மாதவிலக்கு தவறுதல், உடல் பருத்தல், நீங்காத பரு, பிடரியில் கறுத்துத் தடித்த தோல் ஆகியவை சேர்ந்திருந்தால், சினைப்பை நீர்க்கட்டி நோய் இருக்கலாம். 1935இல் அமெரிக்க மருத்துவர்களாகிய ஸ்டைன், லெவெந்தால் இருவரும் விவரித்த இந்நோய், குழந்தைப் பேற்றைத் தாமதிக்கச் செய்வதோடு, பிற்காலத்தில் சர்க்கரை நோய்க்கும் வழிவகுக்கும். சில மாதங்களுக்குள் திடீரென முடி பெருகி, குரலும் தடித்தால் உடனே பரிசோதனை தேவை. இவற்றையெல்லாம் மஞ்சள் பூசி மறைத்துக்கொண்டிருப்பது, கணக்கில் குறையும் தொகையைக் கண்டுபிடிக்காமல் ஐந்தொகையைத் திருத்தி எழுதுவதற்கு ஒப்பாகும்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் காட்டுங்கள். பல நிலையங்களில் சித்த மருத்துவப் பிரிவும் உண்டு. மூலிகை வைத்தியத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் அங்குள்ள தகுதி பெற்ற மருத்துவரைக் கேட்கலாம்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட அம்மையாருக்கு அன்று நான் சொன்னது இரண்டே வார்த்தை: இப்போதைக்குக் குளிர்ந்த துணி, திங்கட்கிழமை மருத்துவமனை. பேச்சுவாக்கில் அவருக்கு மாதவிலக்கு ஐந்து மாதமாகத் தவறியிருந்ததும் தெரிந்தது. அவர் சென்றார். சினைப்பை நோயும், தொடக்க நிலையில் சர்க்கரையும் இருப்பது பரிசோதனையில் தெரிந்து, சிகிச்சை பெற்று வருகிறார். ஊரும் பெயரும் குறிக்காமல் எழுதலாம் என்று அவரே இசைந்தார். "என்னைப்போல் முந்தானையை மூடிக்கொண்டு இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்களோ" என்றார்.

அவர்களுக்காகவே இக்கட்டுரை. இதைப் படிக்கும் அங்கத்தினர்கள் வீட்டில் உள்ள பெண்மக்களுக்கும் படித்துக் காட்டுக. அடுத்த பேரவைக் கூட்டத்தில் எவருடைய நாற்காலியும் இந்தக் காரணத்தால் காலியாக இருக்கலாகாது.